உடைத்தவர் பெயர்

விண்ணப்பம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு. செண்பகவல்லி அதைத் திறந்தாள், விண்ணப்பதாரரின் பெயரைப் படித்தாள், ஆறிப்போன டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பதினோரு வருஷமாக இந்த ஒரு காகிதத்துக்காகத்தான் அந்த நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வந்தே விட்டது.

'தயாளன் முறை' என்று கேட்டிருந்தான். செய்திகளைச் சுருக்கி அனுப்பும் முறை கண்டுபிடிக்கிறவர்கள் சாதாரணமாக இரண்டு மூன்று எழுத்தில் ஏதாவது பெயர் வைப்பார்கள், நாய்க்குட்டிக்கு வைப்பதுபோல. இவனுக்குத் தன் பெயரே வேண்டியிருந்தது. உலகத்தில் இருக்கிற அத்தனை இயந்திரங்களும் தன் பெயரைச் சொல்லியே ஒன்றையொன்று வணங்க வேண்டும் என்று ஆசை. வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். அவளுக்கும் அதுதான் வசதி.

பக்கத்து மேஜையிலிருந்து எட்வின் எட்டிப் பார்த்தான். நாகர்கோவில்காரன், அவளுக்குக் கீழே ஆறு வருஷமாக வேலை பார்க்கிறான், அவள் கதை தெரிந்த ஒரே ஆள்.

"அவனாக்கா?"

"அவன்தான்."

"நீங்க விலகிக்கணும்லா? சம்பந்தப்பட்டவங்க பரிசீலிக்கக் கூடாதுன்னு விதி இருக்கே."

"சம்பந்தம் இருக்குன்னு எவன் சொன்னான்?" என்றாள் செண்பகவல்லி. கோப்பில் 'சம்பந்தம் இல்லை' என்ற வரிக்கு நேரே கையெழுத்தைப் போட்டாள்.

அவள் வேலை பார்த்த பெயரகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். 2049இல் செயற்கைக்கோள்கள் ஒன்றோடொன்று மோதி, பாதிக்கு மேல் எரிந்து விழுந்தன. மிச்சமிருந்த அலைவரிசையை உலகம் ரேஷனில் கொடுக்க ஆரம்பித்தது. கல்யாண அழைப்பிதழானாலும் ஆபரேஷன் ரிப்போர்ட்டானாலும் முதலில் சுருக்க வேண்டும், பிறகு பூட்ட வேண்டும், அதற்கப்புறம்தான் அனுப்பலாம். சுருக்குவதற்கு ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இங்கே ஒரு வழியில் சுருக்கியதை அங்கே வேறு வழியில் விரித்தால் வருவது குப்பை. ஆகவே ஒவ்வொரு முறைக்கும் ஒரு பெயர், ஒரு எண். இரண்டு இயந்திரங்கள் சந்தித்தால் முதல் வணக்கத்திலேயே தமக்குத் தெரிந்த எண்களைச் சொல்லும், பொதுவான ஒன்றை எடுத்துக்கொண்டு பேசத் தொடங்கும். மொத்தமே இருநூற்று ஐம்பத்தாறு எண்கள். எந்த நாட்டில் அந்தப் பட்டியலை வைப்பது என்று பெரிய நாடுகள் சண்டை போட்டுக்கொண்டதில், யாருக்கும் பிடிக்காமலும் யாருக்கும் ஆட்சேபம் இல்லாமலும் அது சென்னை தரமணிக்கு வந்து சேர்ந்தது. ஐந்து மாடிக் கட்டடம், ஓயாமல் பழுதாகும் லிஃப்ட். சுருக்குமுறைகளுக்கு எண் தரும் கையெழுத்து மூன்றாவது மாடியில் செண்பகவல்லியிடம் இருந்தது.

அவளுடைய தம்பி குமரகுருபரன் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு உப்புநீக்கி ஆலையில் வேலை பார்த்தான். கடல்நீரைக் குடிநீராக்கும் இடம். அங்கே குளோரின் வைத்திருந்த நான்காம் தொட்டியில் இரும்புத் தகடுகளை இணைத்த பற்றவைப்பு அரித்துப்போயிருந்ததை அவன் பார்த்தான். மேலே சொன்னான், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் பாதுகாப்பு வாரியத்துக்குத் தினமும் எழுத ஆரம்பித்தான். ஆலைக்குள்ளிருந்தே, பூட்டிய வழியில், உள்ளே கையெழுத்தாகத் தன் முழுப்பெயரையும் போட்டு. பூட்டியதை யாரும் திறக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். உண்மையிலேயே யாரும் திறக்கவில்லை.

ஆலையின் கணினிப் பாதுகாப்புக்குத் தலைவனாக இருந்தவன் தயாளன். வாரியத்துக்கு யாரோ எழுதுகிறார்கள் என்று மட்டும் அவனுக்குத் தெரிந்தது. ஆலையிலிருந்து போகும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ஒரு எச்சரிக்கை வாசகம் தானாக ஒட்டிக்கொள்ளும். அந்த வாசகத்துக்குள் தினம் ஒரு பணியாளர் பெயரைச் சேர்த்தான். சுருக்குமுறை என்ன செய்யும்? ஒரே சொல் இரண்டு தடவை வந்தால் இரண்டாவதை எழுதாது, 'மேலே உள்ளதுதான்' என்று ஒரு குறி போட்டுவிடும். ஆகவே எந்தப் பெயரைச் சேர்த்த நாளில் வாரியத்துக்குப் போகும் கடிதம் இருக்க வேண்டியதைவிடச் சிறுத்துப்போகிறதோ, அந்தப் பெயர் கடிதத்துக்குள்ளே ஏற்கெனவே இருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களில் எழுபத்தொன்றாவது பெயருக்குக் கடிதம் சிறுத்தது.

அது குமரகுருபரன். அவனை வேலையைவிட்டு நீக்கவில்லை. நான்காம் தொட்டியின் காவலுக்கு மாற்றினார்கள். பதினேழாம் நாள் பற்றவைப்பு பிளந்தது. அவனோடு சேர்த்து மூன்று பேர்.

விசாரணைக் கமிஷனில் தயாளன் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் வந்து, எதையும் மறைக்காமல், வகுப்பெடுப்பதுபோல எல்லாவற்றையும் விளக்கினான். அறிக்கையின் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் அது அப்படியே இருக்கிறது. "நான் எந்தக் கடிதத்தையும் திறக்கவில்லை. படிக்கவில்லை. அளந்தேன், அவ்வளவுதான்." அளப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. விட்டுவிட்டார்கள். அன்றைக்கு அந்த ஹாலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து செண்பகவல்லி அழவில்லை. இவன் ஒருநாள் பெரிய ஆளாவான், அன்றைக்கு எந்த வாசல் வழியாக வந்தாக வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷமே பெயரகத்தின் தேர்வை எழுதினாள்.

*

நேர்காணலுக்கு வந்தபோது தயாளனுக்கு அறுபது வயது. தலை நரைத்திருந்தது. சட்டை அதே வெள்ளை. எழுந்து நின்று கும்பிட்டான், லிஃப்ட் வேலை செய்யாததைப் பற்றிப் புகார் சொல்லாமல் சிரித்தான். எல்லோருக்கும் பிடித்துப்போகிற மனிதன்தான். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"செண்பகவல்லின்னா கோவில்பட்டிப் பக்கமா மேடம்? அந்தப் பேர் அங்கதான் அதிகம்."

"ஆமா."

"அந்தப் பக்கம் கொஞ்ச நாள் வேலை பார்த்திருக்கேன். நல்ல ஜனங்க."

"விண்ணப்பத்துல போட்டிருக்கீங்க. பார்த்தேன்." பதிவுக்கருவியை இயக்கினாள். "விதிப்படி உங்க முறையைச் சாதாரணப் பேச்சுல விளக்கணும். விஷயம் தெரியாதவங்க கேக்குற மாதிரி."

"ரொம்ப சிம்பிள் மேடம். ஊருக்குப் போக பெட்டி கட்டுறோம். ஒரே மாதிரி ரெண்டு சேலை இருக்குன்னா ஒண்ணைத்தான் வைப்போம். ரெண்டாவதுக்குப் பதிலா, இதே மாதிரி இன்னொண்ணுன்னு ஒரு சீட்டு. போற எடத்துல நெய்துக்கலாம். பெட்டி சின்னதாயிடும். அப்புறம் பூட்டு."

"பெட்டியோட சைஸை வெச்சு உள்ள என்ன இருக்குன்னு வெளியில நிக்கிறவன் கண்டுபிடிக்கலாமே?"

அவன் கண்ணில் ஒரு மரியாதை வந்தது. சரியான கேள்வி கேட்கிற மாணவியைப் பார்த்த வாத்தியார் மரியாதை.

"கண்டுபிடிக்கலாம். அதுக்குத்தான் நிரப்பு வெச்சிருக்கேன். மிச்ச எடத்துல வைக்கோலைத் திணிச்சுடுவோம். எல்லாப் பெட்டியும் ஒரே சைஸ். வெளியில நிக்கிறவனுக்கு ஒண்ணும் புரியாது."

"நிரப்பு புதுசு. உள்ளே சுருக்குற கரு?"

"கரு அதேதான் மேடம். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதினது. ஒரு வரிகூட மாத்தல. இப்பத்தான் பேர் வைக்கிறேன்."

ஒரு வரிகூட மாற்றவில்லை. அந்த வாக்கியம் பதிவாகியிருக்கிறதா என்று அவள் கருவியின் விளக்கைப் பார்த்துக்கொண்டாள்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கரு எங்கே ஓடிச்சு?"

"ஒரு உப்புநீக்கி ஆலையில. அங்க ஒரு விபத்துகூட நடந்துச்சு, பாவம். அது வேற விஷயம்."

"எத்தனை பேர்?"

"ரெண்டோ மூணோ." வருத்தமாகத்தான் சொன்னான். "சரியா ஞாபகம் இல்ல."

செண்பகவல்லி குனிந்து கோப்பில் ஏதோ எழுதுவதுபோலக் காட்டிக்கொண்டாள். உன் பெயரை உலகத்துக்கே ஞாபகம் இருக்கும்படி செய்கிறேன், இருடா என்று மனசுக்குள் சொன்னாள்.

*

பெயரகத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. வெளியாட்களுக்கு இரண்டுமே பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஒரு முறையைக் கொண்டுவருகிறவன் முப்பது நாள் தானே அதில் குடியிருக்க வேண்டும். அவன் அலுவலகக் கடிதங்கள் அத்தனையும் அந்த முறையில் சுருங்கி, பூட்டிக்கொண்டு, பெயரகத்தின் சோதனைக்கம்பி வழியாகப் போய்வர வேண்டும். இன்னொன்று, பெயரகம் கேட்கிற கேள்வி, பதில் கிடைக்கும்வரை அந்த அலுவலகத்தின் ஒவ்வொரு கடிதத்துக்கு அடியிலும் ஒட்டியிருக்கும். கேள்வியை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காக எந்தக் காலத்திலோ எவரோ போட்ட விதி.

கடிதத்தின் அடியில் ஒட்டிக்கொள்ளும் வாசகம். அதை எழுதுகிறவள் அவள். அந்த விதியை முதன்முதலில் படித்த அன்றே அவளுக்கு மயிர்க்கூச்செறிந்திருந்தது.

முதல் நாளே ஒன்று தெரிந்தது. தயாளன் அலுவலகத்திலிருந்து பெயரகத்துக்கு வரும் பெட்டிகள் எல்லாம் ஒரே அளவு. ஆனால் அவன் குழு ஒன்பது பேரும் தங்களுக்குள்ளும் வெளியேயும் எழுதுகிற பெட்டிகள் சின்னதும் பெரிதுமாக இருந்தன.

"வைக்கோலைக் காணோமே" என்றான் எட்வின்.

"நிறுத்தி வெச்சிருக்கான். அப்போ நிறுத்த ஒரு விசை இருக்கு." செண்பகவல்லி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இவன் மாறவே இல்லடா எட்வின். தன்கிட்ட வேலை பாக்குறவங்களையே அளந்துகிட்டிருக்கான்."

அதுதான் அவன் விற்கப்போகிற சரக்கு என்பதும் புரிந்தது. ஆஸ்பத்திரிகள், ஆலைகள், சங்கங்கள் எல்லாம் இதில் பேசும். பூட்டு பத்திரமாக இருப்பதாக நினைக்கும். விசையைக் கையில் வைத்திருக்கிற முதலாளிகள் வெளியே நின்று அளப்பார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு நான்காம் தொட்டி.

அவள் கேள்விகளை எழுத ஆரம்பித்தாள். ஒருநாள் கேள்விக்குள் 'நிரப்பு நிறுத்தும் விசை' என்று சேர்த்தாள். மறுநாள் அதே நீளத்துக்கு அர்த்தமில்லாத வேறு வார்த்தைகள். பெட்டிகளை ஒப்பிட்டாள். முதல் நாள் சில பெட்டிகள் சிறுத்தன. அவர்கள் தங்களுக்குள் விசையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். இருப்பது உறுதி.

உடனே பதினான்காம் கேள்வி போனது. 'நிரப்பை நிறுத்த விசை உண்டா? ஆம் அல்லது இல்லை என்று கையெழுத்திட்டுப் பதிலளிக்கவும்.' பெயரகத்திடம் எழுத்தில் பொய் சொன்னால் ஆயுளுக்கும் வாசல் மூடிவிடும். இத்தனை துல்லியமாகக் கேட்கிறவளுக்கு எவ்வளவு தெரியுமோ என்று அவன் மிரண்டிருக்க வேண்டும். மூன்றாம் நாள் பதில் வந்தது. 'ஆம். நிர்வாகியின் சட்டபூர்வமான தேவைகளுக்கு மட்டும்.' கீழே கையெழுத்து.

"போதும்க்கா" என்றான் எட்வின். "கரு மாறலன்னு அவனே சொல்லிட்டான், விசை இருக்குன்னும் எழுதிட்டான். இதோட நிறுத்திக்கிடுங்க."

"அவன் ஒருத்தன் மட்டுமா செஞ்சான்? அன்னைக்கும் கூட நாலு பேர் இருந்திருப்பானுங்க. இன்னைக்கும் இருப்பானுங்க. யாரு யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"அக்கா, அவன் செஞ்சதையேல்லா நாமளும் செய்யுதோம்."

"ஆமா. அவன் செஞ்சதையேதான். அச்சு அசலா." அதைச் சொல்லும்போது அவளுக்கு உண்மையிலேயே இனித்தது.

ஒன்பது பெயர்களையும் ஒவ்வொன்றாக, எண் போடாத சின்னச் சின்னத் துணைக்கேள்விகளுக்குள் நுழைத்தாள். மூன்றாம் பகுதியை எழுதியது இன்னாரா, ஐந்தாம் பகுதியைச் சரிபார்த்தது இன்னாரா என்று. விசையைப் பற்றிய பெட்டிகள் எவை என்று ஏற்கெனவே தெரியும். அவற்றில் எந்தப் பெயருக்குச் சிறுக்கிறது என்று பார்த்தாள். எட்டுப் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பெயருக்கு எல்லாமே சிறுத்தன. மீனலோசனி. குழுவிலேயே இளையவள், இருபத்தாறு வயது, மதுரைக்காரி என்று கோப்பு சொன்னது.

"இவதான் விசையைச் செஞ்சவ" என்றாள் செண்பகவல்லி.

"அவ பேரு இருக்கு. அவ்வளவுதானே தெரியும்? எதுக்கு இருக்குன்னு தெரியாதே."

"விசை பத்தின எல்லாக் கடிதத்துலயும் இருக்குடா. வேற எதுக்கு இருக்கும்?"

பதினைந்தாம் கேள்வியை அன்று மத்தியானமே அனுப்பினாள். 'விசைக்குப் பொறுப்பானவர் மீனலோசனி என்று அறிகிறோம். உறுதிசெய்யவும்.' எப்படி அறிகிறோம் என்று அவன் கேட்பானே என்றான் எட்வின். கேட்கட்டும், தூக்கம் வராமல் தவிக்கட்டும் என்றாள்.

தயாளன் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது. 'மீனலோசனி தற்போது எங்கள் நிறுவனத்தில் இல்லை.'

எட்வின் அவள் முகத்தைப் பார்த்தான். அவளுக்கும் எங்கோ நெருஞ்சி முள் குத்தியதுபோல இருந்தது. ஆனால் முப்பதாம் நாளுக்கு இன்னும் நான்கே நாள் இருந்தது. பதினோரு வருஷத்தை ஒரு முள்ளுக்காக நிறுத்திவைக்க அவளால் முடியவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கோப்பை மூடினாள்.

*

எண் வழங்கும் கூட்டம் தரைத்தளத்து ஹாலில் நடந்தது. தயாளன் தன் ஆட்களோடு முன்வரிசையில் இருந்தான். செண்பகவல்லி மேடையில் நின்று, பரிசீலனை முடிந்தது என்றும், நூற்றுத் தொண்ணூற்றேழாம் எண் 'தயாளன் முறை'க்கு வழங்கப்படுகிறது என்றும் வாசித்தாள். கைதட்டினார்கள். அவன் எழுந்து எல்லோரையும் கும்பிட்டான். பின்வரிசையில் எட்வின் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தாள். அவள் நினைத்திருந்தால் விண்ணப்பத்தை நிராகரித்திருக்கலாம். நிராகரித்த பெயர் பட்டியலில் ஏறாது, காற்றில் போய்விடும். அவன் வேறு பெயரில் வேறு வாசலைத் தட்டுவான். ஆனால் ஒருமுறை எண் கொடுத்துவிட்டால் அதை அழிக்கவே முடியாது. உடைந்தது என்று நிரூபணமானால் பக்கத்தில் 'தடை' என்று விழும், எப்படி உடைந்தது, உடைத்தவர் யார் என்று இரண்டு கட்டங்கள் நிரப்பப்படும், அவ்வளவுதான். உலகத்தின் ஒவ்வொரு இயந்திரமும் தடைப்பட்ட பெயர்களைச் சுமந்தாக வேண்டும். ஒவ்வொரு வணக்கத்திலும் அவற்றை மறுத்தாக வேண்டும்.

"அதே எண்ணைப் பற்றி இரண்டாவது பதிவு" என்றாள். ஹால் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. "விண்ணப்பதாரரின் கையெழுத்திட்ட பதில்படி இம்முறையின் நிரப்பை நிறுத்த முடியும். நிறுத்தினால் எஞ்சுவது கரு. அந்தக் கரு பதினோரு ஆண்டுகளாக ஒரு வரிகூட மாறவில்லை என்பது அவருடைய வாக்குமூலம். அந்தக் கருவை எப்படி உடைப்பது என்று அரசு விசாரணை அறிக்கையின் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் படிப்படியாக விளக்கப்பட்டிருக்கிறது. ஆகவே எண் நூற்றுத் தொண்ணூற்றேழு, தயாளன் முறை, இன்றுமுதல் தடை."

நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"உடைத்தவர் பெயர், தயாளன்."

அவன் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. இனி அவன் ஒரு மின்விசிறியைப் போட்டாலும் அந்த விசிறி பக்கத்திலிருக்கிற இயந்திரத்திடம் 'தயாளன் முறை வேண்டாம்' என்று சொல்லிவிட்டுத்தான் சுழலும். ஒரு நாளைக்கு எத்தனை கோடித் தடவை என்று எட்வின் ஒருமுறை கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் விட்டிருந்தான். செண்பகவல்லிக்கு நெஞ்சு நிறைந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நன்றாக மூச்சு விட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு அவன் படிக்கட்டருகே அவளுக்காக நின்றான்.

"நீங்க யாரு?"

"குமரகுருபரனோட அக்கா."

அவன் கண்ணை மூடினான். மனசுக்குள் எதையோ தேடுவதும் கண்டுபிடிப்பதும் முகத்தில் தெரிந்தது.

"எட்டெழுத்து" என்றான்.

அவ்வளவுதான் ஞாபகம் வைத்திருந்தான். அவள் அவனை அறைந்திருப்பாள். ஆனால் அவன் பேசிக்கொண்டே போனான், கோபமே இல்லாமல்.

"நல்லா செஞ்சீங்க. நீங்களும் அளந்திருக்கீங்க. இல்லேன்னா அந்தப் பதினாலாவது கேள்வி வந்திருக்காது."

"ஆமா. அளந்தேன்."

"பதினஞ்சாவது கேள்விக்கு நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும். விசையைப் பத்தி உள்ளே இருந்து யாரோ வெளியில எழுதுறாங்கன்னு எனக்குத் தெரியும். யாருன்னு தெரியல. என் ஆளுங்க பேரை நானா கடிதத்துக்கு அடியில தொங்கவிட்டா அவங்களுக்கே புரிஞ்சுடும், எல்லாம் தொழில் தெரிஞ்சவங்க. பெயரகத்துக் கேள்வின்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க இல்லையா? ஒன்பது பேரையும் நீங்களே வரிசையா தொங்கவிட்டீங்க. நான் சும்மா பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டேன். கடைசியில பேரையே எழுதி அனுப்பிட்டீங்க."

அவன் படியிறங்கிப் போனான். நெஞ்சு நிறைந்திருந்ததெல்லாம் வடிந்துபோக அவளுக்கு ஒரு மாடி ஏறும் நேரம்கூட ஆகவில்லை.

*

மூன்றாம் நாள் காலையில் அந்தப் பெண் வந்தாள். எட்வின் வாசலில் நின்று, "அக்கா, மீனலோசனி" என்று மட்டும் சொல்லி ஒதுங்கினான். ஒல்லியாக, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு இருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நீங்கதான் பதினஞ்சாவது கேள்வி எழுதினதா?"

"நான்தான்ம்மா."

"அந்த விசை வேணாம்னு நாலு மாசமா சண்டை போட்டுக்கிட்டிருந்தேன் மேடம். உள்ள யாரும் கேக்கல. வெளியில ஒரு வக்கீல் அக்காகிட்ட கேட்டுக்கேட்டு ஒரு புகார் எழுதிக்கிட்டிருந்தேன். இந்தா இருக்கு, நாலு வரைவு." ஃபைலை மேஜையில் வைத்தாள். முதல் தாளில் பெறுநர் என்ற இடத்தில் 'பரிசீலகர், பெயரகம், தரமணி' என்று இருந்தது. "உங்களுக்குத்தேன் எழுதிக்கிட்டிருந்தேன்."

செண்பகவல்லி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசையைப் பற்றிய எல்லாக் கடிதத்திலும் ஒரே பெயர். வேறு எதற்கு இருக்கும் என்று கேட்டவள் அவள்தான்.

"விசை இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள் மீனலோசனி. "அதை எங்க மேலயே திருப்பி வெச்சிருக்காருன்னு தெரியாமப் போச்சு."

"இப்ப என்ன செஞ்சிருக்காங்க?"

"நம்பகமற்றவர்னு பதிவு போட்டுட்டாரு. பெயரகத்துக்கு ரகசியத்தை நான்தேன் சொன்னேனாம். இல்லாட்டி உங்களுக்கு என் பேரு எப்படித் தெரியும்னு கேக்குறாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. பூட்டு சம்பந்தப்பட்ட எந்த வேலையும் இனி எவனும் எனக்குக் குடுக்க மாட்டான். எனக்கு வேற தொழில் தெரியாது மேடம்."

"மன்னிச்சிரும்மா. உன்னைப் பத்தி நான்..."

"நீங்க எதையும் திறக்கல, படிக்கல" என்றாள் மீனலோசனி. குரலை உயர்த்தவில்லை. "அளந்தீங்க. அவ்வளவுதானே?"

நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தை அவளும் படித்திருக்கிறாள். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் படித்திருப்பார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தைக் கேட்டபோது எரிந்த அதே இடத்தில் செண்பகவல்லிக்கு இப்போதும் எரிந்தது. ஆனால் இந்தத் தடவை அவள் உட்கார்ந்திருந்தது கடைசி பெஞ்சில் இல்லை. எதிரே நின்ற பெண்ணின் கண்ணை அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கண்ணோடுதான் அவள் தேர்வெழுத வந்தாள்.

"உனக்கு என்ன வேணும்?"

"மன்னிப்பெல்லாம் வேணாம். எழுத்துல வேணும்."

செண்பகவல்லி தலையாட்டினாள். பட்டியலைத் திறந்து நூற்றுத் தொண்ணூற்றேழாம் வரிசைக்குப் போனாள். தடை. உடைத்தவர், தயாளன். அதற்குக் கீழே அந்தக் கட்டத்தில் இன்னொருவருக்கும் இடம் இருந்தது.

எட்வின் வேகமாக உள்ளே வந்தான். "அக்கா, யோசிச்சுச் செய்யுங்க. சம்பந்தம் இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இது தெரிஞ்சா வேலை போயிரும், கேஸும் வரும். ஒருதடவை ஏத்திட்டா நானே நெனச்சாலும் அழிக்க முடியாது."

"அழிக்க முடியாதுன்னுதானே இங்க வந்தேன்."

எப்படி உடைத்தார் என்ற கட்டத்தில் தேதிகளை எழுதினாள், ஒட்டிய கேள்விகளை எழுதினாள். மீனலோசனி எதையும் தெரிவிக்கவில்லை, அவள் பெயர் அவளறியாமல் அளந்தெடுக்கப்பட்டது என்று எழுதினாள். 'இறந்த குமரகுருபரனின் தமக்கை' என்றும் சேர்த்தாள். பிறகு உடைத்தவர் பெயர் இருந்த இடத்தில், தயாளனுக்கு அடியில், தன் பெயரை அடித்துக் கையெழுத்திட்டாள். பட்டியல் ஒரு நொடி யோசித்தது. பிறகு உலகமெங்கும் கிளம்பிப் போனது.

மீனலோசனி திரையில் அதை இரண்டு தடவை படித்தாள். ஃபைலை எடுத்துக்கொண்டாள். வெளியே நடந்தாள். படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

செண்பகவல்லி தன் பெயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் விரல் தானாக மேஜைமேல் எண்ணியது. ஏழெழுத்து.